சாமியாரான சோல்பரிப் பிரபு

தைப்பிங் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பழைய காலத்துக் கிராணியார் வீட்டைத் தெரியாமல் இருக்காது. லயத்துக்குச் சற்று எட்டத்தில், பூச்செடி வைத்த முற்றத்தோடு தனியாக இருக்கும். பல தோட்டங்களில் அந்தக் கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரராக இருப்பார். பால் கணக்கும் சம்பளக் கணக்கும் அவர் கையில். அதனால் அவரிடம் நம்மவர்களுக்குப் பயமும் உண்டு, கொஞ்சம் கோபமும் உண்டு. ஏதோ வேலையாக அந்த வீட்டுக்குள் போய் வந்த பிள்ளைகள், சாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வெண்தாடியும் நரைத்த தலையுமாக ஒரு கிழவரின் படம் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கக் கூடும்.

"இந்தத் தாத்தா யாருங்க ஐயா?" என்று கேட்டால், "அவர் எங்கட யோகர் சுவாமியடா தம்பி" என்று பதில் வரும்.

அந்த யோகர் சுவாமிகளின் சீடர்களில் ஒருவர் வெள்ளைக்காரர். அதுவும் சாதாரண வெள்ளைக்காரர் அல்ல; பிரிட்டிஷ் பிரபு வம்சத்தின் மூத்த பிள்ளை. தகப்பனாருக்குப் பிறகு 'சோல்பரி' என்ற பரம்பரைப் பட்டம் அவருக்குத்தான் வந்தது. ஆனால் தமிழர்கள் அவரை அறிந்தது சாந்தசுவாமி என்ற பெயரில்.

இந்தப் பட்டத்தின் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. 'எங்கோ இங்கிலாந்தில் இருக்கிற பிரபுவின் கதை தோட்டத்துப் பாட்டாளிக்கு எதற்கு?' என்று நேயர்கள் நினைக்கலாம். பொறுமையாகப் படித்துப் பாருங்கள். இந்தக் கதைக்குள் ஈப்போ வருகிறது, கோலாலம்பூர் வருகிறது. கடல் கடந்து இலங்கைக்குப் போன நம் உறவுமுறைத் தோட்டத் தொழிலாளிகளும் வருகிறார்கள். அவர்கள் இழந்த ஒன்றும் வருகிறது.

பட்டம் என்றால் என்ன?

நம் நாட்டில் டத்தோ, டான்ஸ்ரீ என்ற விருதுகளைப் பார்க்கிறோம். டத்தோ காலமானால் அவர் மகன் தானாக டத்தோ ஆகிவிட மாட்டார். விருது அந்த மனிதரோடு முடிந்துவிடும். இங்கிலாந்தின் பரம்பரைப் பட்டம் அப்படியல்ல. மன்னர் ஒருவரைப் பிரபுவாக்கி முத்திரையிட்ட சாசனம் வழங்கினால், பெரும்பாலும் அதில் ஒரு வாசகம் இருக்கும். அவருடைய உடலில் முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு இந்தப் பட்டம் சேரும் என்பது அதன் பொருள். தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்கு. அவனுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் தம்பிக்கு. தம்பிக்குப் பின் தம்பி மகனுக்கு. பெண் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பட்டம் அவள் வாசலுக்கு வராது.

இதில் ஐந்து படிகள் உண்டு. மேலிருந்து சொன்னால் டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். பாரன் கடைசிப் படி. அதற்கு மேல் வைகவுண்ட். (பாரன் என்பதைப் 'பேரன்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. பேரன் வரைக்கும் போகிற பட்டம்தானே, அதுவும் பொருத்தமே!) முன்காலத்தில் பட்டத்தோடு நிலபுலன் வரும், படை வரும். நம் கதை நடக்கிற காலத்தில் இவை எதுவும் இல்லை. பிரபுக்கள் சபையில் ஓர் இடம், பெயருக்கு முன்னால் 'லார்டு'. அவ்வளவுதான்.

இந்தியர் ஒருவருக்கும் இந்தப் பரம்பரைப் பட்டம் கிடைத்தது. வங்காளத்து வழக்கறிஞர் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, 1919-இல் ராய்ப்பூர் சின்ஹா பிரபு ஆனார். அவர் 1928-இல் காலமானபோது ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று நாம் சொல்கிறோம், அந்தக் குடும்பத்துக்கு அது வேதனை. மகன் அருண் குமார் சின்ஹா பட்டத்துக்கு உரிமை கோரினார். பிரபுக்கள் சபை, 'உன் தகப்பனும் தாயும் முறைப்படி கல்யாணம் செய்தவர்கள்தானா? பல தாரத்துக்கு இடம் தருகிற இந்து முறைக் கல்யாணம் செல்லுமா?' என்று குடைந்தது. கடைசியில் வழக்கு தீர்ந்து அவர் உரிமை ஒப்புக் கொள்ளப்பட்டது 1939-இல்தான். பிரபுவின் மகனாகவே இருந்தாலும், அப்பனுக்கு நீ பிள்ளை என்று காகிதம் காட்டச் சொன்னால் பாடு எப்படி என்பதற்கு இது ஓர் உதாரணம். இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ராம்ஸ்பாதம் பிரபுவான கதை

சோல்பரி என்பது குடும்பப் பெயர் அல்ல. குடும்பப் பெயர் ராம்ஸ்பாதம். நம் காதுக்கு ராமர் பாதம் என்பது போல ஒலிக்கும்! ஹெர்வால்ட் ராம்ஸ்பாதம் 1887-இல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தார், முதல் உலகப் போரில் சண்டையிட்டுப் பதக்கம் பெற்றார். 1929 முதல் லங்காஸ்டர் தொகுதியின் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. ஓய்வூதியம், பொதுப்பணி என்று சில அமைச்சுகளைப் பார்த்து, 1940-இல் கல்வித் துறைக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டே அந்தப் பதவி ஆர்.ஏ. பட்லருக்குப் போயிற்று. ராம்ஸ்பாதத்துக்கு 1941-இல் பாரன் பட்டம் வந்தது. அரசியலில் இது வழக்கம்தான். ஒருவரை மரியாதையாக நகர்த்த வேண்டுமானால் மேல்சபைக்கு அனுப்புவார்கள்.

பட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே. பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் சோல்பரி என்று ஒரு சின்னக் கிராமம். அதன் பெயரை எடுத்துக் கொண்டார். தோட்டத்துப் பெயரையே ஆளுக்கு அடையாளமாகச் சொல்லும் நம் வழக்கம் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். இங்கிலாந்தில் கல்வி அதிகாரிகளின் சம்பளப் படிகளுக்கும் பிற்பாடு அவர் தலைமை வகித்த குழுவை ஒட்டி 'சோல்பரி' என்ற பெயர் நிலைத்தது. ஆனால் தமிழர் வாயில் அந்தப் பெயர் புகுந்தது வேறு காரணத்தால்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலம். மலாயா ஜப்பான்காரன் கையில் இருந்தது. நம்மவர்கள் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த காலம், சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்த காலம். இலங்கை அப்போதும் பிரிட்டிஷார் வசம்தான். போருக்குப் பிறகு அந்நாட்டுக்கு எப்படிப்பட்ட அரசியல் சட்டம் தருவது என்று ஆராய, லண்டன் மூவர் கமிஷன் ஒன்றை அனுப்பியது. தலைவர் சோல்பரிப் பிரபு. மற்ற இருவரில் ஒருவர் பிரடெரிக் ரீஸ் என்ற பேராசிரியர். இன்னொருவர் பிரடெரிக் பரோஸ், ரயில்வே தொழிற்சங்கத்தின் முன்னாள் தலைவர்! ரயில் ஊழியர்கள் நிறைந்திருந்த தைப்பிங்கில் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்த ரயில்வேக்காரர் பிறகு 1946-இல் வங்காளத்துக்கே கவர்னராகப் போனார்.

கமிஷன் 1944 டிசம்பரில் கொழும்பில் இறங்கியது. 1945 ஏப்ரல் வரை சாட்சியம் கேட்டது. யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் ஜி.ஜி. பொன்னம்பலம், 'நாடாளுமன்றத்தில் சிங்களவருக்குப் பாதி, மற்றச் சமூகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதி' என்று கேட்டார். ஐம்பதுக்கு ஐம்பது என்று பெயர் பெற்ற கோரிக்கை அது. தோட்டத் தமிழர் சார்பில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் முன் வந்து, எங்கள் குடியுரிமையும் வாக்குரிமையும் உறுதியாக வேண்டும் என்றது.

சிங்கள அமைச்சர்கள் கமிஷன் முன் வெளிப்படையாக வரவில்லை. ஆனால் டி.எஸ். சேனநாயக்கா தனியாகச் சந்தித்துப் பேசினார். அவரிடம் ஒரு நகல் சட்டம் தயாராக இருந்தது. அதை எழுத உதவியவர் ஐவர் ஜென்னிங்ஸ், இலங்கைப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தர். கமிஷன் அறிக்கை 1945 அக்டோபரில் வந்தபோது அந்த நகலின் சாயல் அதில் நிரம்பியிருந்தது. ஐம்பதுக்கு ஐம்பது தள்ளப்பட்டது. தோட்டத்து மக்களின் விஷயம்? குடியேற்றமும் வாக்குரிமையும் இலங்கையின் உள்நாட்டுக் காரியம், அந்நாட்டு அரசாங்கமே பார்த்துக் கொள்ளட்டும் என்று கமிஷன் ஒதுங்கிக் கொண்டது. பாதுகாப்புக்கு என்று 29-ஆம் விதியில் ஒரு வேலி போட்டது. ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாக நாடாளுமன்றம் சட்டம் செய்யக் கூடாது என்பது அந்த வேலி.

பாட்டன் பிறந்த காகிதம்

1947 தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளிகள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வந்தார். லயத்துச் சனம் அனுப்பிய ஆட்கள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார்கள். 1948 பிப்ரவரி 4-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது.

அதே 1948-இல் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அது என்ன கேட்டது தெரியுமா? 'நீ இலங்கையில் பிறந்தது போதாது. உன் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும், அவனைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபி' என்றது.

இதைப் படிக்கும்போது மேலே சொன்ன பிரபுப் பட்டம் ஞாபகம் வரவில்லையா? அங்கேயும் தகப்பன் வழி, இங்கேயும் தகப்பன் வழி. லண்டனில் சபையில் உட்காருவதற்குக் கேட்ட அதே வம்சக் கணக்கை, தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளுகிறவளிடம் கேட்டார்கள், அவள் பிறந்த மண்ணில் இருப்பதற்காக! பிரபுவின் வம்சம் சாசனத்தில் எழுதியிருக்கும். தொழிலாளியின் வம்சம் எங்கே எழுதியிருக்கும்? இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமானதே 1897-இல்தான். அதற்கு முன் லயத்தில் பிறந்தவனுக்கு எந்தக் காகிதம்? கங்காணி தலை எண்ணிக் கூட்டி வந்த சனம் அது. பிள்ளை பிறந்ததைத் தோட்டத்து ஆபிஸ் எழுதியிருந்தால் உண்டு. பெயரை எந்தக் கிராணி எப்படிப் பிழையாக எழுதினாரோ அதுவே பெயர். முனியாண்டி ஓர் ஏட்டில் முனியன், இன்னோர் ஏட்டில் முனுசாமி. இந்தச் சங்கடம் நமக்கும் புதியதல்ல. பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஒன்று, அடையாளக் கார்டில் பெயர் ஒன்று என்று பதிவு இலாகா வாசலில் நின்றவர்களின் கதைகள் பேராக்கிலும் எத்தனையோ.

தகப்பனோ பாட்டனோ தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்றால் பேச்சே இல்லை. ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-இல் இன்னொரு சட்டம், 'இத்தனை ஆண்டு தொடர்ந்து வசித்ததைக் காட்டினால் விண்ணப்பிக்கலாம்' என்று ஒரு சின்னக் கதவைத் திறந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. தேறியவர்கள் சுமார் 1,34,000 பேர். அதே 1949-இல் 48-ஆம் இலக்கச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. சத்தியாக்கிரகம் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை.

இந்த இடத்தில் நம் பேராக் வருகிறது. குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துத் தம் தலைவரையே விட்டுப் பிரிந்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். பொன்னம்பலம் 1948 செப்டம்பரில் சேனநாயக்கா அமைச்சரவையில் சேர்ந்து கொண்டார். 'இன்று தோட்டத் தமிழனுக்கு நடந்தது நாளைக்கு நமக்கும் நடக்கும்' என்ற நினைப்போடு செல்வநாயகம் வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தச் செல்வநாயகம் பிறந்த ஊர் நம் ஈப்போ! 1898 மார்ச் 31-இல் ஈப்போவில் பிறந்து, சிறு வயதில் தெல்லிப்பழைக்குப் போனவர். அவர் 1977 ஏப்ரலில் காலமானார். அதே 1977 டிசம்பரில் பொன்னம்பலம் காலமானது கோலாலம்பூரில். இலங்கைத் தமிழரின் இரண்டு தலைவர்களில் ஒருவருக்குத் தொட்டில் மலாயாவில், மற்றவருக்குக் கடைசி மூச்சு மலேசியாவில். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் முதல் ரயில் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்கள் வந்த நாளிலிருந்து இரண்டு கரைக்கும் போக்குவரத்து அப்படி.

கவர்னர் ஜெனரலும் வேலியும்

சட்டத்தைத் தந்த சோல்பரிப் பிரபுவே 1949 ஜூலையில் இலங்கையின் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். மன்னரின் பிரதிநிதி. நாட்டை ஆண்டது அமைச்சரவை என்பதால் இவர் கையில் அதிகாரம் குறைவு. ஆனாலும் அவர் எழுதிய வேலிக்குள் ஆடு மேய்ந்து கொண்டிருந்தது அவர் கண்ணெதிரில்தான். வாக்காளர் பட்டியலிலிருந்து தோட்டத்துப் பெயர்கள் உதிர்ந்தது அவருடைய காலத்தில்தான்.

29-ஆம் விதி என்ற அந்த வேலி என்ன ஆயிற்று? ருவான்வெல்லைத் தொகுதியில் பெயர் நீக்கப்பட்ட கோடாக்கன் பிள்ளை என்பவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1953-இல் தீர்ப்பு வந்தது. யார் யார் தன் பிரஜைகள் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்குரிய இயல்பான வேலை, இந்தச் சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் சொல்லப்படவில்லையே என்ற போக்கில் தீர்ப்பு அமைந்தது. பெயர் சொல்லாமல் அடித்தால் அடி அல்ல என்றாகிவிட்டது. படித்தவர்களின் சட்டம் சில சமயம் இப்படித்தான் நடக்கிறது.

1954-இல் சோல்பரியின் பதவிக் காலம் முடிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் எலிசபெத் அரசியார் இலங்கைக்கு வந்து போனார். அதே ஆண்டு பிரபுவுக்குப் பட்டத்தில் ஒரு படி உயர்வு: பாரன், வைகவுண்ட் ஆனார்.

அவரை ஒரேயடியாகக் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. சட்டங்களைப் போட்டது அவரல்ல. பிற்பாடு, இலங்கையைப் பற்றி பி.எச். பார்மர் எழுதி 1963-இல் வந்த நூலுக்கு முன்னுரை எழுதியபோது, அடிப்படை உரிமைகளை அரசியல் சட்டத்திலேயே பதித்து வைக்கும்படி கமிஷன் சொல்லாமல் போனது வருந்தத் தக்கது என்று அவரே ஒப்புக் கொண்டார். மனிதர் மனம் விட்டு எழுதினார். ஆனால் அடுத்த ஆண்டே, 1964 அக்டோபரில், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக் கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று கணக்குப் போட்டார்கள். மூட்டை அரிசி பங்கு பிரிப்பது போல! அந்த மிச்சத்தையும் 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ராமேஸ்வரம் கப்பலில் ஏறியவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணாலும் பார்க்காதவர்கள். கடைசியாக எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமை வழங்கிச் சட்டம் செய்தது 2003-இல். 1948-க்கும் 2003-க்கும் நடுவில் 55 ஆண்டு. ஒரு தொழிலாளியின் ஆயுள்.

இங்கே நடந்தது என்ன?

நகல் எழுத உதவிய ஐவர் ஜென்னிங்ஸ் நமக்கும் அந்நியர் அல்ல. 1956-இல் மலாயாவுக்கு அரசியல் சட்டம் எழுத வந்த ரீட் கமிஷனின் ஐவரில் அவரும் ஒருவர். இங்கே பேரம் வேறு மாதிரி முடிந்தது. 1957 ஆகஸ்டு 31-இலும் அதற்குப் பிறகும் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, பிறந்த உரிமையாலேயே குடிமகன் என்றானது. பாட்டன் எங்கே பிறந்தான் என்று யாரும் கேட்கவில்லை. 1962-இல் விதி இறுகியது. பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவராக இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள்.

மெர்டேக்காவுக்கு முன் பிறந்த பெரியவர்கள்தாம் மனுச் செய்து பெற வேண்டியிருந்தது. 'இன்றைக்குப் பால் வெட்டு, நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருந்துவிட்டவர்கள், எழுதப் படிக்கத் தெரியாமல் விட்டவர்கள், சொல்வார் இல்லாமல் விட்டவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றார்கள். 1969-க்குப் பிறகு வேலைப் பெர்மிட் கேட்கப்பட்டபோது அந்தச் சிவப்பின் விலை தெரிந்தது. பினாங்கில் கப்பலேறிய குடும்பங்களைப் பற்றி இன்றும் தோட்டத்துப் பாட்டிமார் சொல்வார்கள். இலங்கையில் சட்டம் தள்ளியது. இங்கே பல பேரைக் காகிதம் இல்லாத குறை தள்ளியது. இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கப்பலில் உட்கார்ந்திருந்தவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

மூத்த மகன்

இப்போது படத்தில் இருந்த தாடிக்காரரிடம் திரும்புவோம். யோகர் சுவாமிகள் 1872-இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். இரணைமடுவில் நீர்ப்பாசன வேலைத் தலத்தில் பண்டகக் காப்பாளராக இருந்தார். அதாவது அவரும் ஒரு வகையில் கிராணி வேலை பார்த்தவர்தான்! நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி என்ற, ஊரார் பித்தர் என்று நினைத்த குருவிடம் சிக்கி, வேலையை உதறிவிட்டு, கொழும்புத்துறையில் ஒரு குடிலில் அமர்ந்தார். பெரிய உத்தியோகத்தர், மந்திரி, சந்தைக்குப் போகிற கிழவி எல்லாரும் அந்தக் குடிலுக்குப் போனார்கள். சிலரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார், சிலரை ஏசி விரட்டுவார். 1935-இல் 'சிவதொண்டன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

சோல்பரிப் பிரபுவின் மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பாதம் 1915-இல் பிறந்தவர். ஈட்டன் பள்ளிக்கூடம், ஆக்ஸ்போர்டு மாக்டலென் கல்லூரி. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு விதித்த பாதை. 1949-இல் கல்யாணம் செய்தார். மறு வருஷமே மனைவி இறந்து போனார். பிள்ளை இல்லை. தந்தை கவர்னர் ஜெனரலாக இருந்த இலங்கைக்கு அவர் வந்தார். கொழும்பில் அரசாங்க மாளிகை இருந்தது, விருந்துகள் இருந்தன. அவரோ யாழ்ப்பாணத்துக் குடிலுக்குப் போய் யோகர் சுவாமிகளின் சீடரானார். மறுபடி கல்யாணம் செய்யவில்லை. சாந்தசுவாமி என்ற பெயர் அவருக்கு ஏற்பட்டது. மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் உள்ள சிவதொண்டன் நிலையத்திலும் தங்கித் தியானத்திலும் தொண்டிலும் காலம் கழித்தார். நெற்றியில் நீறு பூசிய வைகவுண்ட்! தகப்பனாரின் பெயரைச் சட்டப் புத்தகத்தில் படித்துப் பல்லைக் கடித்த தமிழர்கள், மகனின் பெயரைக் கேட்டுக் கை கூப்பினார்கள்.

யோகர் சுவாமிகள் 1964 மார்ச்சில் சமாதியானார். தோட்டத்து மக்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தமும் அதே ஆண்டில்தான்.

1971 ஜனவரியில் தந்தை காலமானார். அன்று முதல் சாந்தசுவாமி, சட்டப்படி இரண்டாவது வைகவுண்ட் சோல்பரி. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வழி இருந்தது. 1963-இல் வந்த சட்டப்படி பரம்பரைப் பட்டத்தைத் துறக்கலாம். தொழிற்கட்சி அரசியல்வாதி டோனி பென், தமக்கு வந்த வைகவுண்ட் பட்டத்தை அப்படித்தான் உதறிவிட்டு எம்.பி. ஆனார். உலகத்தைத் துறந்த நம் சாமியார் பட்டத்தைத் துறக்கக் காகிதம் எழுதவில்லை. அது பாட்டுக்கு லண்டன் ஏட்டில் அவர் பெயரில் கிடந்தது. மறு வருஷம், 1972 மே 22-இல், இலங்கை குடியரசானது. தகப்பனார் பெயரால் வழங்கிய அரசியல் சட்டமும் அந்த 29-ஆம் விதியும் ஒருசேர மறைந்தன. 1999-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 92 பேர் தவிரப் பரம்பரைப் பிரபுக்கள் அத்தனை பேரையும் சபையிலிருந்து அனுப்பிவிட்டது. பிறகு பட்டத்தில் மிஞ்சியது பெயர் ஒன்றுதான்.

சாந்தசுவாமி 2004 டிசம்பரில் காலமானார், வயது 89. பிள்ளை இல்லாததால் பட்டம் தம்பி பீட்டருக்குப் போயிற்று. பீட்டர் ராம்ஸ்பாதம் அப்பாவின் வழியில் உத்தியோகம் பார்த்தவர். 1974 முதல் 1977 வரை அமெரிக்காவில் பிரிட்டிஷ் தூதர், பிறகு பெர்முடாத் தீவுக்குக் கவர்னர். அவரும் 2010-இல் காலமாக, நான்காவது வைகவுண்ட் சோல்பரி ஆனவர் அவர் மகன் ஆலிவர் ராம்ஸ்பாதம். இவர் தூதரும் அல்ல, கவர்னரும் அல்ல, பேராசிரியர். பிராட்போர்டு பல்கலைக்கழகத்தில் அவர் பாடம், ஒரு நாட்டுக்குள் சமூகங்கள் ஏன் சண்டையிடுகின்றன, அந்தச் சண்டையை எப்படித் தீர்ப்பது என்பது. அதைப் பற்றி மற்ற இருவரோடு சேர்ந்து எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டிருக்கிறது.